மணவாளக்குறிச்சி கருமணலும் தேங்காய் எண்ணெயும் சேர்ந்தால் காந்தத் திரவம் ஆகுமா?

கேள்வி (2023 அக்டோபர் 8, காலை)

வீடு இஞ்சிவிளை. மகள் எட்டாம் வகுப்பு. காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனால் முள்ளம்பன்றி மாதிரி சிலிர்த்து நிற்கும் கறுப்புத் திரவம் ஒன்றைப் பள்ளி சாஸ்திரமேளாவுக்கு (அறிவியல் கண்காட்சிக்கு) செய்ய வேண்டுமாம். வீடியோவில் பார்த்திருக்கிறாள். மணவாளக்குறிச்சி கடற்கரைக் கருமணல் காந்தத்தில் ஒட்டும், அதை மிக்சியில் நன்றாக அரைத்துத் தேங்காய் எண்ணெயில் கலக்கினால் போதும் என்று அவளுடைய சித்தப்பா அடித்துச் சொல்கிறார். மணல் கொண்டுவரவும் அவரே தயார். செய்யலாமா?

அக்டோபர் 8, இரவு

ஆகாது. மிக்சிதான் போகும்.

எனக்கு மார்த்தாண்டத்தில் ஸ்பீக்கர் பட்டறை. காந்தம், இரும்புத் தூள், சர்க்யூட் போர்டு அரிக்கும் ஃபெர்ரிக் குளோரைடு எல்லாம் தினமும் கையில் படுகிறவை. வீடியோவில் வரும் அந்தத் திரவமும் பழக்கம்தான். விவரமாக நாளைக்கு எழுதுகிறேன். அதுவரை சித்தப்பாவைக் கடற்கரைக்கு அனுப்பாதீர்கள்.

அக்டோபர் 9

முதலில் மணல். நம் கடற்கரைக் கருமணலில் பெரும்பங்கு இல்மனைட். இரும்பும் டைட்டானியமும் சேர்ந்த ஆக்சைடு அது. இரும்பு இருக்கிறது என்பதற்காக இரும்பைப் போல இழுபடும் என்று நினைக்கக் கூடாது. சாதாரண வெப்பத்தில் அது காந்தத்துக்கு லேசாகத்தான் இணங்கும். பழைய ஸ்பீக்கரின் கறுப்பு வளையக் காந்தத்தை மணலில் புரட்டினால் கொஞ்சம்தான் ஒட்டி வரும். ஹார்டு டிஸ்கிலிருந்து கழற்றிய நியோடிமியம் காந்தம் என்றால் கொத்தாக வரும். மணல் ஆலையில் பலமான காந்தங்களை வைத்துத்தான் இல்மனைட்டைப் பிரிக்கிறார்கள். மணலில் உள்ள மற்றக் கனிமங்களான சிர்க்கானும் ரூட்டைலும் இழுபடாமல் ஒதுங்கிவிடும்.

சிக்கல் எங்கே என்றால், கூடவே மோனசைட் என்ற கனிமம் இருக்கிறது. அதில் தோரியம். கதிர்வீச்சு உள்ள பொருள், அணுசக்திச் சட்டத்தின் கீழ் வருவது. கடற்கரையில் நடப்பதற்கோ காலில் ஒட்டிய மணலுக்கோ யாரும் பயப்பட வேண்டாம். ஆனால் அதை மாவாக அரைத்துப் பிள்ளைகள் முகத்துக்கு நேரே தூசி கிளப்புவது வேறு விஷயம். நுரையீரலுக்குள் போன தூசியைத் தட்டி வெளியே எடுக்க முடியாது. அந்த மணலை மூட்டை கட்டிக் கொண்டுவருவதும் விளையாட்டுக் காரியம் இல்லை.

இந்த மணலுக்கு ஒரு கதை உண்டு. திருவிதாங்கூரிலிருந்து ஐரோப்பாவுக்குக் கயிறு போய்க்கொண்டிருந்த காலம். அதில் ஒட்டியிருந்த மணலைச் சோதித்த ஷோம்பர்க் என்ற ஜெர்மன்காரர், 1909இல் மோனசைட்டைக் கண்டுகொண்டார். அப்போது தோரியத்துக்கு ஏகக் கிராக்கி. விளக்கு மேன்டில் செய்ய அது வேண்டும். பெட்ரோமாக்ஸ் விளக்கில் கட்டுவோமே, அதே வெள்ளை வலை. நம் கல்யாண வீடுகளில் எரிந்த வெளிச்சத்துக்கும் நம் கடற்கரைக்கும் இப்படி ஓர் உறவு. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

அக்டோபர் 9, கொஞ்சம் கழித்து

மணலை விட்டு, காந்தத்தில் பலமாக ஒட்டும் இரும்பு ஆக்சைடான மேக்னடைட்டையே கொண்டுவந்தாலும் அரைப்பதுதான் பெரும்பாடு. வீடியோவில் உள்ள திரவத்தில் ஒரு துகளின் அளவு சுமார் 10 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரை ஒரு லட்சமாகப் பங்கிட்டால் வரும் ஒரு பங்கு. அந்த அளவில்தான் துகள் கீழே படியாது. திரவத்தின் மூலக்கூறுகள் நாலாபக்கமும் இடிக்கிற இடியில் மிதந்துகொண்டே இருக்கும். அதைவிடப் பெரிதானால் படிந்துவிடும், கலக்கக் கலக்கப் படியும்.

முதலில் இதைச் செய்தவர் நாசாவின் ஸ்டீவ் பாப்பெல், 1963இல். ராக்கெட்டில் எடை இல்லாத நிலையில் எரிபொருள் டாங்கிக்குள் கண்டபடி மிதக்குமே, அதைக் காந்தத்தால் குழாய் வாய்க்கு இழுத்து வரலாமா என்பது யோசனை. மேக்னடைட், மண்ணெண்ணெய், ஓலிக் அமிலம் மூன்றையும் குண்டு உருளும் அரவையில் வாரக்கணக்கில் ஓட்டினார்கள். ஓலிக் அமிலம் ஒவ்வொரு துகளையும் போர்த்திக்கொள்ளும். அந்தப் போர்வை இல்லையென்றால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். சித்தப்பாவின் மிக்சியில் வாரக்கணக்கில் ஓட்டினால் கரன்ட் பில்லுக்கே தனியாக மேளா நடத்த வேண்டும்.

அக்டோபர் 11

“அப்படியானால் வீட்டில் செய்யவே முடியாதா, மகள் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாள்” என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். மூன்று வழி இருக்கிறது. ஒன்று சுலபம், ஒன்று அதைவிட நல்லது, ஒன்று எட்டாம் வகுப்புக்கு வேண்டாம்.

சுலபமானது டோனர், அதாவது லேசர் பிரிண்டரின் மைப்பொடி. டி.டி.பி. கடைகளில் கார்ட்ரிட்ஜ் நிரப்பப் பாட்டிலில் வைத்திருப்பார்கள். எல்லா டோனரும் காந்தத்துக்கு இழுபடாது. எச்.பி. 1020 போன்ற பழைய பிரிண்டருக்குப் போகும் 12ஏ கார்ட்ரிட்ஜ் பொடியில் இரும்பு ஆக்சைடு கலந்திருக்கும், அது இழுபடும். பிரதர் பிரிண்டர் பொடி இழுபடாது. கடையிலேயே பாட்டில் வெளிச்சுவரில் காந்தத்தை வைத்துப் பாருங்கள். பொடி கூடவே ஓடி வந்தால் வாங்குங்கள், இல்லாவிட்டால் வேண்டாம்.

பொடியில் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குழைக்க வேண்டும். எண்ணெயில் பொடியைக் கொட்டினால் மேலே மிதந்து பறக்கும். பறக்க விடவே கூடாது, மூக்கில் போகும். முகக்கவசம் போட்டு, ஃபேனை அணைத்துவிட்டு, செய்தித்தாள் விரித்துச் செய்யுங்கள். துணியில் பட்டால் பச்சைத் தண்ணீரில் அலச வேண்டும். வெந்நீர் ஊற்றினால் அதில் உள்ள பிளாஸ்டிக் இளகித் துணியோடு ஒட்டிவிடும். பிரிண்டருக்குள் காகிதத்தில் எழுத்து ஒட்டுவதும் இப்படிச் சூட்டில்தானே.

வருவது என்ன? கறுப்பாக, பளபளப்பாக, காந்தம் போகும் இடத்துக்கு ஓடும் குழம்பு. முள் நிற்காது. மேடு மேடாக, கோடு கோடாக எழும். டோனர் துகள் 5 முதல் 10 மைக்ரோமீட்டர். மேலே சொன்ன 10 நானோமீட்டருக்குப் பக்கத்தில் வைத்தால் 500 முதல் 1000 மடங்கு பெரிது. முள்ளை எதிர்பார்த்துச் செய்தால் ஏமாற்றம்தான்.

அக்டோபர் 12

அதைவிட நல்லது என்று சொன்னது இரும்புத் தூள். வீடியோக்காரர்கள் இதை இளப்பமாகப் பார்ப்பார்கள். என்னைக் கேட்டால் பிள்ளைகளுக்கு இதுதான் முதல் தரம்.

லேத் பட்டறைக்குப் போங்கள். பிரேக் டிரம் கடைசல் போட்ட நாளாகப் பார்த்துப் போக வேண்டும். டிரம் வார்ப்பிரும்பு, கடைசல் பிடித்தால் சுருள் சுருளாக வராது, உதிரி உதிரியாகத் தூளாக விழும். மற்ற இரும்பு சுருளாக வரும், கையைக் கிழிக்கும். பட்டறையில் கூட்டி அள்ளித் தருவதில் பித்தளை, அலுமினியம், பீடித்துண்டு எல்லாம் கிடக்கும். காந்தத்தைப் பாலித்தீன் கவருக்குள் போட்டு அதன் மேல் புரட்டுங்கள். இரும்பு மட்டும் கவரில் ஒட்டும். வேறு தாளின் மேல் பிடித்துக் காந்தத்தை வெளியே உருவினால் அத்தனையும் பொலபொலவென்று உதிரும். கவர் இல்லாமல் காந்தத்தை நேரே வைத்தீர்களோ, அப்புறம் சாயங்காலம் வரை தூளைப் பிடுங்கிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

பழைய வேட்டித் துணியில் சலித்து நைசான தூளை மட்டும் எடுங்கள். எடையில் மூன்று பங்கு தூளுக்கு ஒரு பங்கு எண்ணெய் என்று தொடங்கி, ஒழுகும் பதம் வரும் வரை எண்ணெய் சேர்க்கலாம். இதை ஊசி கழற்றிய 10 மி.லி. சிரிஞ்சில் பாதி நிரப்பி, இன்னொரு காலி சிரிஞ்சோடு சின்ன டிரிப் குழாயால் இணையுங்கள். ஒன்றை அமுக்கினால் மற்றதற்குள் போகும். இப்போது குழாயின் இருபுறமும் இரண்டு நியோடிமியம் காந்தங்களை வைத்து அமுக்கச் சொல்லுங்கள். கட்டை விரல் வெளுக்கும், குழம்பு நகராது. காந்தத்தை எடுத்தால் விட்ட இடத்திலிருந்து ஓடும்.

இதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. அமெரிக்காவில் ஜேக்கப் ராபினோ என்பவர் 1940களின் கடைசியில் இதே யோசனையில் கிளட்ச் செய்தார். எண்ணெயில் இரும்புத் தூள், சுற்றிக் கம்பிச் சுருள். கரன்ட் போனால் பிடிக்கும், நிறுத்தினால் விடும். இன்றைக்கு விலை உயர்ந்த கார்களின் ஷாக் அப்சார்பரில் இந்த வகைக் குழம்பு ஓடுகிறது. 2002இல் கேடிலாக் காரில் முதலில் வந்தது. ரோட்டுக் குழிக்கு ஏற்ப நொடிக்குள் இறுகி இளகும். மார்த்தாண்டம் பாலத்துக்குக் கீழே போகிற ரோட்டில் ஓட்டினால் அதுவும் திணறும் என்பது என் கருத்து.

அக்டோபர் 12, இரவு

எந்த எண்ணெய் என்று கேட்டிருந்தீர்கள். தேங்காய் எண்ணெய் மெலிசு, தூள் சீக்கிரம் அடியில் உட்கார்ந்துவிடும். ஆமணக்கெண்ணெய் கெட்டி, நெடுநேரம் தாங்கும். சைக்கிள் கடை கிரீஸ் துளி கலந்தால் இன்னும் தாங்கும். ஆனால் கெட்டி எண்ணெயில் சிரிஞ்சை அமுக்கக் காந்தம் இல்லாமலே பலம் வேண்டும், சின்னக் கைக்கு ஆகாது. தேங்காய் எண்ணெயிலேயே செய்யுங்கள். மேடையில் ஒவ்வொருவர் வரும்போதும் ஒரு குலுக்கு.

அக்டோபர் 15

குழித்துறைக்காரர் ஒருவர் சண்டைக்கு வந்திருக்கிறார். “இதெல்லாம் சேறு, காந்தத் திரவம் என்று சொல்லிப் பிள்ளையை ஏமாற்றாதீர்கள்” என்கிறார்.

சொல்வது நியாயம். இரும்புக் குழம்பில் காந்தம் வந்தவுடன் தூள்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சங்கிலி கோத்துக்கொள்கின்றன, அதனால் இறுகுகிறது. நானோ துகள் திரவத்தில் அந்தச் சங்கிலி பெரிதாக உருவாகாது. காந்தத்துக்குள் இருக்கும்போதும் அது திரவமாகவே இருக்கும், மொத்தமாக இழுபடும். வேறுபாடு பெரிது. மேஜையில் வைக்கிற அட்டையில் அப்படியே எழுதி வைக்கச் சொல்லுங்கள், டீச்சர்மார் கேட்டால் மகளுக்கு ஒரு மார்க் கூடத்தான் கிடைக்கும். டோனர் குழம்பையும் இரும்புக் குழம்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இன்னும் நல்லது. ஒன்று ஓடும், ஒன்று இறுகும். கடையில் வாங்கி வந்த அசல் காந்தத் திரவப் பாட்டிலை மேஜையில் வைத்துக் காட்டினால் பார்ப்பவர் “அழகாயிருக்கு” என்று சொல்லிவிட்டு அடுத்த மேஜைக்குப் போய்விடுவார். சிரிஞ்சை அமுக்கிப் பார்த்தவர் ஏன் என்று கேட்பார்.

அக்டோபர் 16

அந்த முள் ஏன் எழுகிறது என்று அதே குழித்துறைக்காரர் கேட்கிறார் (சண்டை முடிந்தது). காந்தப்புலம் மேற்பரப்பை முள் முள்ளாக எழுப்பப் பார்க்கிறது. திரவத்தின் எடையும் மேற்பரப்பு இழுவிசையும் தட்டையாக வைக்கப் பார்க்கின்றன. காந்தப்புலம் ஓர் அளவைத் தாண்டியதும் தட்டையாக இருப்பதைவிட முள்ளாக நிற்பது அதற்குச் சிக்கனம். ரொனால்டு ரோசென்ஸ்வெய்க் என்பவர் கௌலியோடு சேர்ந்து 1967இல் இதற்குக் கணக்குப் போட்டுக் காட்டினார். மண்ணெண்ணெய்த் திரவத்தில், சீரான காந்தப்புலத்தில் முள் கிளம்பும்போது ஒன்றுக்கும் அடுத்ததற்கும் சுமார் 1 சென்டிமீட்டர் இடைவெளி வரும். சின்னக் காந்தத்தை அடியில் ஒட்டி வைத்தால் புலம் சீராக இருக்காது, பலமும் கூடுதல், முட்கள் நெருக்கமாகவும் கூராகவும் நிற்கும்.

நவம்பர் 5

கடையில் வேலை. மேளா எப்படிப் போனது என்று இஞ்சிவிளைக்காரர் எழுதியிருக்கிறார். பரிசு இல்லையாம், ஆனால் சிரிஞ்சை அமுக்கிப் பார்க்க வரிசை நின்றதாம். சித்தப்பாதான் வரிசையை ஒழுங்குபடுத்தினாராம். நல்லது.

நவம்பர் 19

நான் வேண்டாம் என்று ஒதுக்கிய மூன்றாவது வழியை எழுதச் சொல்லி இரண்டு கல்லூரிப் பையன்கள் விடாமல் கேட்கிறார்கள். பெரியவர் யாராவது கூட இருந்து, திறந்த வெளியில், கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு செய்வதானால் எழுதுகிறேன். கிணற்றடியிலும் வேண்டாம், சமையலறையிலும் வேண்டாம்.

அரைப்பதற்குப் பதிலாகத் துகளைக் கரைசலுக்குள்ளேயே பிறக்க வைப்பதுதான் இந்த வழி. சர்க்யூட் போர்டு அரிக்க எலக்ட்ரானிக்ஸ் கடையில் விற்கும் ஃபெர்ரிக் குளோரைடு கரைசல் 10 மி.லி., அதே அளவு பாட்டரித் தண்ணீர் (காய்ச்சி வடித்த தண்ணீர், ஆசிட் அல்ல). அதில் இரும்புக் கம்பளியைப் போட்டுக் கிளற வேண்டும். பழுப்பு மெல்ல மெல்லப் பச்சையாகும், அதுதான் ஃபெரஸ் குளோரைடு. வடிகட்டிவிட்டு மேலும் 20 மி.லி. ஃபெர்ரிக் கரைசல் சேர்க்க வேண்டும். அதில் வீட்டு உபயோக வீரியமுள்ள அம்மோனியா 150 மி.லி. விட்டுக் கலக்கினால் கண்ணெதிரே மைக்கறுப்பாகத் திரளும். அதுதான் மேக்னடைட். கண்ணாடிப் பாத்திரத்துக்கு வெளியே காந்தத்தைப் பிடித்தால் கறுப்பு அந்தப் பக்கம் சாயும். சாயாமல் செம்பழுப்பாக இருந்தால் அது வெறும் துரு, கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

பிறகு 5 மி.லி. ஓலிக் அமிலம் விட்டு, கொதிக்க விடாமல் கொதிநிலைக்குக் கொஞ்சம் கீழே ஒரு மணி நேரம்போல, அம்மோனியா நாற்றம் போகும் வரை சூடாக்க வேண்டும். இது முற்றத்தில், புகை முகத்தில் அடிக்காதபடி காற்று வரும் பக்கத்தில் நின்று செய்கிற வேலை. ஆறின பிறகு, முழுவதும் ஆறின பிறகு, அடுப்பையும் அப்புறப்படுத்திய பிறகு, மண்ணெண்ணெய். நான் பார்த்த அளவில் இந்த வேலையின் சுவையான கட்டமே இதுதான். அதுவரை தண்ணீரில் கிடந்த கறுப்பு, மண்ணெண்ணெயைக் கண்டதும் இடம் மாறும். கீழே தண்ணீர் தெளியத் தெளிய மேலே எண்ணெய் கறுக்கும். ஓலிக் அமிலம் போர்த்திய துகளுக்குத் தண்ணீர் பிடிக்காது, எண்ணெய்தான் பிடிக்கும். மேல் அடுக்கைத் தனியே எடுத்தால் திரவம் தயார். மண்ணெண்ணெய் குறைவாக இருந்தால்தான் முள் நிற்கும். தாராளமாக ஊற்றினால் கறுப்புத் தண்ணீர்தான்.

நவம்பர் 20

நேற்றைய அளவைப் பற்றி ஒரு கணக்கு. மேக்னடைட்டில் இரும்பு இரண்டு வடிவில் இருக்கும், ஃபெர்ரிக் இரண்டுக்கு ஃபெரஸ் ஒன்று வேண்டும். இரண்டு பங்கு ஃபெர்ரிக் குளோரைடோடு ஒரு பங்கு இரும்பு சேர்ந்தால் மூன்று பங்கு ஃபெரஸ் குளோரைடு. அதாவது 10 மி.லி. முழுவதும் மாறினால் 15 மி.லி.க்குச் சமமான ஃபெரஸ். அதற்கு இரட்டிப்பாக 30 மி.லி. ஃபெர்ரிக் சேர்த்தால்தான் விகிதம் சரியாக வரும். ஆனால் பலரும் கைக்கொள்ளும் அளவு 20. காகிதக் கணக்கில் ஃபெரஸ் கூடுதலாக இருக்கிறது. அது நல்லதுக்குத்தான். கம்பளி எல்லாவற்றையும் மாற்றியிருக்காது, மாற்றியதிலும் கொஞ்சம் காற்றுப் பட்டுத் திரும்பவும் ஃபெர்ரிக் ஆகிவிடும். வடிகட்டியதை மூடாமல் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனால் பச்சை மங்கி மஞ்சளாவதைப் பார்க்கலாம்.

நவம்பர் 23

கேள்விகள் குவிந்துவிட்டன, ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன்.

போர்டு அரித்த பழைய ஃபெர்ரிக் கரைசல் ஆகாது, அதில் செம்பு கரைந்திருக்கும். கம்பளியைப் போட்டதும் அதன்மேல் செம்பு பூசிக்கொள்ளும், காரியம் கெடும்.

பாத்திரம் தேய்க்கும் ஸ்டீல் நார் ஆகாது. அது ஸ்டெயின்லெஸ், குரோமியம் உள்ளே வந்துவிடும். பெயின்ட் கடையில் கிடைக்கும் துருப்பிடிக்கிற இரும்புக் கம்பளி வேண்டும். நாகப் பூச்சு ஏறிய ஆணியும் ஆகாது.

ஃபெர்ரிக் குளோரைடு கட்டியாக வாங்கினால் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள், சூடேறும். ஸ்டீல் பாத்திரம், குழாய், சிங்க் எதிலும் படக் கூடாது. என் பட்டறைத் தரையில் உள்ள மஞ்சள் கறை எனக்குப் பின்னும் இருக்கும்.

அம்மோனியா எங்கே கிடைக்கும் என்று குலசேகரத்துக்காரர் ஒருவர் கேட்டிருக்கிறார். குலசேகரத்தில் இருந்துகொண்டு இந்தக் கேள்வி! ரப்பர் பால் கட்டியாகாமல் இருக்க அதில் ஊற்றுவது என்ன? டின்னைத் திறந்தால் கண்ணில் நீர் வருமே, அதேதான். ஆனால் அது வீரியம் கூடியது. அப்படியே எடுத்து ஊற்றக் கூடாது, பழகியவர் நீர்க்க வைத்துத் தர வேண்டும், அளவும் அதற்கேற்ப மாறும். கக்கூஸ் கழுவும் பிளீச்சிங் பவுடர், பிளீச் எதுவும் அந்தப் பக்கமே வரக் கூடாது. அம்மோனியாவோடு சேர்ந்தால் நச்சுப் புகை.

நவம்பர் 24

குலசேகரத்துக்காரர் விடவில்லை. ரப்பர் கம்பெனியில் ஸ்டியரிக் அமிலம் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது, அதுவும் ஓலிக்கைப் போலக் கொழுப்பு அமிலம்தானே என்கிறார். நல்ல கேள்வி. இரண்டிலும் 18 கார்பன். ஆனால் ஓலிக்கின் நடுவே ஓர் இரட்டைப் பிணைப்பு, அந்த இடத்தில் வால் வளைந்திருக்கும். ஸ்டியரிக் வால் நேர். நேரான வால்கள் பக்கத்தில் பக்கத்தில் நெருங்கி ஒட்டிக்கொள்ளும், வளைந்தவை நெருங்காது, துகள்களை விலக்கியே வைக்கும். அதனால்தான் அறை வெப்பத்தில் ஸ்டியரிக் மெழுகாகவும் ஓலிக் எண்ணெயாகவும் இருக்கின்றன. இந்த வேலைக்கு ஸ்டியரிக் கைகொடுக்காது.

கடலை எண்ணெயில் ஓலிக் நிறைய இருக்கிறதே என்று அடுத்த கேள்வி வரும் முன்பே சொல்லிவிடுகிறேன். இருக்கிறது, ஆனால் கிளிசரினோடு கட்டுண்டு இருக்கிறது. சோப்பாக்கி, அமிலம் விட்டுப் பிரித்தால்தான் தனியாக வரும். தேங்காய் எண்ணெயில் அதுவும் சொற்பம். கெமிக்கல் கடையில் சின்னப் பாட்டில் வாங்கிவிடுங்கள்.

டிசம்பர் 17

கிறிஸ்துமஸ் சீசன். பட்டறையில் நிற்க இடமில்லை. ஆனாலும் ஒரு பழைய பெட்டியைப் பிரித்ததும் இந்தப் பேச்சு நினைவுக்கு வந்தது, அதனால் எழுதுகிறேன்.

குரல் மங்கிப்போன பெட்டி. ட்வீட்டரை (கீச்சு ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர்) கழற்றி, அதன் மேலுள்ள குமிழ் போன்ற டோமைத் தூக்கினால், காந்த இடுக்கில் இருக்க வேண்டிய திரவம் தார்போல இறுகிக் கிடக்கிறது. ஒலியை எழுப்ப ஆடும் கம்பிச் சுருளான வாய்ஸ் காயில் அதில் மாட்டிக்கொண்டு அசையவே சிரமப்படுகிறது. எத்தனையோ ட்வீட்டர்களில் கம்பெனியிலிருந்தே இந்தத் திரவம் சில துளிகள் விட்டுத்தான் வரும். காயிலின் சூட்டை வாங்கி உலோகத்துக்குக் கடத்தும். அத்தோடு காயில் தறிகெட்டு ஆடாமலும் பிடித்துக்கொள்ளும். காந்தம் பிடித்து வைத்திருப்பதால் பெட்டியைத் தலைகீழாக வைத்தாலும் ஒழுகாது. வருஷங்கள் போனால் காய்ந்துவிடும். கட்டியான காகிதத்தைக் கீற்றாக வெட்டி இடுக்கில் விட்டுச் சுற்றிச் சுற்றித் துடைத்தால் கறுப்பாக ஒட்டி வரும். சுத்தமாக வரும் வரை கீற்றை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அப்புறம் புதுத் திரவம், அளந்து. உள்ளூரில் யாரும் இதற்கு மெனக்கெடுவதில்லை, ட்வீட்டர் எரிந்துவிட்டது என்று சொல்லிப் புதிது மாட்டிவிடுகிறார்கள்.

2024 ஜனவரி 14

பேச்சிப்பாறைப் பக்கமிருந்து ஒருவர் எழுதுகிறார். பிள்ளைகள் செய்து வைத்த இரும்புக் குழம்பு விடியற்காலையில் பார்த்தால் கல்லாகிவிட்டதாம், கெட்டுப்போய்விட்டதா என்று. தேங்காய் எண்ணெய் 24 டிகிரியை ஒட்டி உறையும், மலையடிவாரத்தில் மார்கழிக் குளிரே அதற்குப் போதும். வெயிலில் வைத்தால் இளகிவிடும்.

ஆனால் விட்டுவிடாதீர்கள், இதை வைத்து ஒரு விளையாட்டு இருக்கிறது. தட்டையான பிளாஸ்டிக் மூடியில் குழம்பை ஊற்றி, அடியில் காந்தத்தை வைத்து, தூள் கம்பு கம்பாக எழுந்து நிற்கும்போது அப்படியே ஃபிரிட்ஜில் வையுங்கள். உறைந்த பிறகு காந்தத்தை எடுத்தாலும் கம்புகள் நிற்கும். விரலால் தொடலாம், அளக்கலாம், பூதக்கண்ணாடியில் பார்க்கலாம். காந்தப்புலம் எந்தப் பக்கம் சாய்ந்து போகிறது என்று ஓரத்துக் கம்புகளைப் பார்த்தாலே தெரியும், நடுவில் உள்ளவை நேராகவும் விளிம்பில் உள்ளவை வெளிப்பக்கம் சாய்ந்தும் நிற்கும். வேறு காந்தத்தை வைத்து இன்னொரு மூடியை உறைய வைத்தால் இரண்டையும் ஒப்பிடலாம். கடையில் விற்கிற திரவத்தில் இது நடக்காது. சித்தப்பாவின் தேங்காய் எண்ணெய் யோசனைக்கு இந்த ஒரு விஷயத்தில் முழு மார்க்.

ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டும் காந்தம் போதாது, பழைய ஸ்பீக்கர் வளையமாவது வேண்டும். நியோடிமியம் என்றால் இரண்டைச் சின்னப் பிள்ளைகள் கையில் ஒன்றாகக் கொடுக்க வேண்டாம். விரல் நசுங்கும். விழுங்கினால் குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு துளைபோடும், ஆஸ்பத்திரிக் கேஸ். 80 டிகிரிக்கு மேல் சூடுபட்டால் சாதாரண ரக நியோடிமியம் காந்தத்துக்குப் பலமும் போய்விடும், அதனால் அடுப்பருகே வேண்டாம்.

பிப்ரவரி 4

கல்லூரிப் பையன்கள் திரவத்தைச் செய்துவிட்டார்கள், படம் அனுப்பியிருக்கிறார்கள். முள் குட்டையாக இருக்கிறது. மண்ணெண்ணெய் கூடிப்போயிருக்கும். மூடிய பாட்டிலில் வைத்துக்கொள்ளுங்கள், வெறும் கண்ணாடியில் கறை பிடித்து நாளாக நாளாக உள்ளே தெரியாமல் போகும். காந்தத்தை நேரே முக்காதீர்கள், எடுக்கவே முடியாது, கவர் சுற்றித்தான்.

மிச்சத்தை எங்கே கொட்டுவது என்று கேட்டார்கள். மண்ணெண்ணெய் கலந்ததை ஓடையிலும் கிணற்றுப் பக்கமும் கொட்ட வேண்டாம். மரத்தூளில் ஊறவைத்து, மூடிய டப்பாவில் போட்டுக் கல்லூரி லேபில் கொடுத்துவிடுங்கள். ஃபெர்ரிக் கரைசல் மிச்சமிருந்தால் எனக்குக் கொடுங்கள், போர்டு அரிக்க ஆகும்.

செய்த திரவத்தை அப்பாவின் பழைய ட்வீட்டரில் விடலாமா என்று கடைசியாக ஒரு கேள்வி. விடாதீர்கள். மண்ணெண்ணெய் ஆவியாகிக் காய்ந்துவிடும், கழுவாமல் மிச்சமிருக்கும் குளோரைடு இடுக்கைத் துருப்பிடிக்க வைக்கும். ட்வீட்டரைக் கடைக்குக் கொண்டுவாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும்.